எழில் பேசின மூணு நிமிஷம்

பெல்ட்டைப் போட்டுக்குங்க அம்மிணி. போடலைன்னா இந்த வண்டி கத்திக்கிட்டே வரும். ஆபீஸ் ஒம்பது மணிக்குத்தான் திறப்பாங்க. எட்டேமுக்காலுக்குப் போயி நின்னுட்டோம்னா பதினோரு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம். பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா? விசா ஒட்டின பாஸ்போர்ட்டான்னு பார்த்துக்குங்க. போன மாசம் ஒரு புள்ளையைக் கூட்டிட்டுப் போனேன், அது பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு வந்துருச்சு. மறுபடி நாப்பது மைல்.

நன்றியெல்லாம் வேண்டாம். இந்த ஊருக்குப் புதுசா வர்ற நம்ம புள்ளைங்களை சோசியல் செக்யூரிட்டி நம்பர் வாங்கற ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான். பதினாறு வருஷமா இதைச் செய்யறேன். யாரு எவருன்னு பார்த்ததே கிடையாது. தமிழ் பேசினாப் போதும், சுலோசனா அக்கா வண்டியில இடம் இருக்கும்.

நேத்துப் பொழுதோட எழில் உங்க வீட்டுக்கு வந்திருந்தா, இல்லீங்களா? எங்க ஜன்னல்ல இருந்து பார்த்தேன். சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருப்பா. போறதும் போகாததும் உங்க இஷ்டம், அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்கும் எனக்கும் என்ன ஆச்சுன்னு யாராச்சும் உங்க காதுல போடத்தான் போறாங்க. ஆளுக்கொரு விதமாச் சொல்லுவாங்க. அதுக்கு என் வாயாலயே கேட்டுக்குங்க.

எழில்னா எழில்ராணி. கடலூர்ப் பக்கம். எங்க வீட்டுல இருந்து நாலாவது வீடு. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல கம்ப்யூட்டர் வேலை பார்க்கறா. வீட்டுக்காரர் அன்பழகன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கறார். தங்கமான மனுசன், அதிர்ந்து பேச மாட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊருக்கு வந்தாங்க. ஏழு மாசக் கர்ப்பமா அவ இந்த ஊர்ல வந்து இறங்கறப்ப எழவு பிடிச்ச குளிரு. அவங்கம்மாவுக்கு விசா கிடைக்கலை. புள்ளை பெத்தா யாரு பார்க்கறது? நான் பார்த்தேன். நாப்பது நாள் பூண்டுக் குழம்பு, பிரசவ மருந்து, பத்தியச் சோறு எல்லாம் எங்க வீட்டுல இருந்துதான் போச்சு. குழந்தைக்கு முதல் தண்ணி ஊத்தினது நான். இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி நீங்க கேக்கறப்ப, சுலோசனா அப்படிப்பட்டவளான்னு ஒரு சந்தேகம் வரும். வரக்கூடாது.

உங்களுக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க? ஆமா, பெருந்துறைன்னு சொன்னீங்க. எங்களுக்குக் கோபி. பக்கந்தான். பெருந்துறையில எந்தப் பக்கம்? சும்மா கேட்டேன். எங்க ஒறம்பரை கொஞ்சம் பேரு அங்க இருக்காங்க, தெரிஞ்சவங்களா இருப்பாங்களோன்னு.

சரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கோடையில நடந்ததை முதல்ல சொல்லணும். நம்ம பார்க் இருக்குதில்லீங்களா, அதைச் சுத்தி நான் தினமும் நடப்பேன். அன்னிக்குப் போன்ல எங்க தங்கச்சிகிட்டப் பேசிக்கிட்டே போறேன். ஒரு பிக்கப் வண்டி மெதுவா என்கூடவே வந்துச்சு. கண்ணாடியை இறக்கிட்டு ஒருத்தன், உன் நாட்டுக்கே போடின்னு கத்திட்டு, கையில இருந்த காபியை மூஞ்சியில வீசிட்டுப் போயிட்டான். ஆறின காபிதான். சுடலை. ஆனா அது கழுத்துல வழிஞ்சு, ஜாக்கெட்டுக்குள்ள இறங்கி, நான் நடுரோட்டுல நிக்கறேன். அந்தப் பக்கம் ஒருத்தி நாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பார்த்தா. ஒண்ணுமே நடக்காத மாதிரி நாயைக் கூட்டிட்டுப் போயிட்டா. அவன் வீசினதைவிட இவ பார்த்துட்டுப் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பத்து நாள் நான் வெளியவே வரலை. எங்க வீட்டுக்காரர் சொன்னார், விடு, எதுக்கு வம்பு, நம்ம வேலையை நாம பார்ப்போம்னு. எழில்தான் விடலை. லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து எங்க சமையலறை மேசையில உக்காந்தா. "அக்கா, சிட்டி கவுன்சில்ல யாரு வேணாலும் மூணு நிமிஷம் பேசலாம். ஒரு கார்டு எழுதிக் கொடுத்தாப் போதும். நீங்க பேசுங்க"ன்னா. எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனா சபையில பேசிப் பழக்கமில்லை. அவளே எழுதினா. நான் சொல்லச் சொல்ல, அழிச்சு அழிச்சு எழுதினா. நான் ஒரு இடத்துல, எல்லாரும் அப்படி இல்லை, இந்த ஊர்க்காரங்க நல்லவங்கதான்னு சேர்த்துக்கலாமான்னு கேட்டேன். "அவங்க மனசு நோகுமேன்னு நீங்க பார்க்காதீங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நாயோட நின்ன அம்மாவையும் சொல்லுங்க"ன்னா.

சொன்னேன். பேசற இடத்துல ஒரு சின்ன விளக்கு வெச்சிருப்பாங்க. பச்சை எரிஞ்சா பேசலாம், மஞ்சள் வந்தா முடிக்கணும், சிவப்பு வந்தா மைக்கை நிறுத்திருவாங்க. சிவப்புக்கு முன்னாடியே நான் முடிச்சுட்டேன். மண்டபமே எந்திரிச்சு நின்னுச்சு. கவுன்சில்ல லொரைன்னு ஒரு அம்மா இருக்காங்க. கறுப்புக்காரங்கதான், ஆனா அத்தனை நல்ல குணம். மேடையை விட்டு இறங்கி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்க சொல்றதை நான் நம்பறேன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பத்து நாளா உள்ளே கிடந்தேன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. எழில் பின் வரிசையில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா.

அப்படி இருந்தோம் நாங்க. அதுதான் வெசனம்.

அடுத்த தை மாசம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் வந்துச்சு. ஒரு ஸ்கூல் சாப்பாட்டுக் கூடத்தை எடுத்து நடத்துவோம். அங்க அடுப்புப் பத்த வைக்க விட மாட்டாங்க. அதனால ஆளுக்கு ஒண்ணா வீட்டுல செஞ்சு கொண்டு வரணும். யார் வீட்டுல என்ன செய்யறதுன்னு பட்டியல் போடறது ஆரம்பத்துல இருந்தே என் பொறுப்பு. முன்னூறு பேர் சாப்பாடு. விளையாட்டில்லை அது. எழிலுக்கு வருஷா வருஷம் கோலம், மேடை அலங்காரம், தட்டு டம்ளர் வாங்கிட்டு வர்றது இதெல்லாம் கொடுப்பேன். அவளுக்குக் கைவேலை அருமையா வரும். அந்த வருஷம் போன் பண்ணி, "அக்கா, சர்க்கரைப் பொங்கல் நான் செய்யறேனே"ன்னு கேட்டா. அதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்னேன். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை.

பொங்கலன்னைக்கு வர்றா, பெரிய குண்டாவுல சர்க்கரைப் பொங்கலோட. புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு காதைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. சொல்லாம கொள்ளாம. நான் என்ன பண்றது, வேண்டாம்னா சொன்னேன்? மேசையில இடம் கொடுத்தேன். வரிசை ஏற்கெனவே போட்டாச்சு, அதனால கடைசியில வெச்சேன். தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல. என் மக தர்ஷிணி பரிமாறிக்கிட்டிருந்தா. அந்த மூடியைத் திறக்கப் போனா. இப்பத் திறக்காதே, முதல்ல மத்தது தீரட்டும்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? ஒரே இனிப்பு மூணு குண்டா இருக்கறப்ப ஒவ்வொண்ணாத்தானே தீர்க்க முடியும்.

தீரலை. ஜனங்களுக்கு வயிறு நிறைஞ்சு போச்சு. கடைசியில மூடி போட்டது போட்டபடி இருந்துச்சு. எழில் மேடையில இருந்த தோரணத்தை எல்லாம் கழட்டி மடிச்சு வெச்சா. அப்புறம் ரெண்டு பேருமா குண்டாவைத் தூக்கிட்டுப் போனாங்க. நான் கூட வாசல் வரைக்கும் போயிக் கதவைப் பிடிச்சுக்கிட்டேன். பனி வழுக்குது, பார்த்துப் போங்கன்னு சொன்னேன்.

இவ்வளவுதான் நடந்தது. அதை நான் மறந்தும் போயிட்டேன்.

இந்த வருஷம் வசந்தத்துல ஆரம்பிச்சுது பேச்சு. நம்ம சிட்டியில ஒரு சட்டம் இருக்குது. நிறம், மதம், பிறந்த நாடு இதையெல்லாம் வெச்சு யாரையும் ஒதுக்கக்கூடாதுன்னு. அதுல சாதிங்கற சொல்லையும் சேர்க்கணும்னு கொஞ்சம் பேரு கவுன்சில்ல மனு கொடுத்தாங்க. எங்க சங்கத்துக்காரங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இங்க எங்க இருக்குது சாதி? யாராச்சும் யாரையாச்சும் கேக்கறாங்களா? எல்லாரும் ஒரே கடையில கீரை வாங்கறோம். நம்மளை இவங்க முன்னாடி அசிங்கப்படுத்தத்தானே இது? ஏற்கெனவே காபியை வீசறான். இனி இதையும் சொல்லி வீசுவான். சங்கத் தலைவர் பழனியப்பன் அண்ணன் எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். என்ன பேசணும்னு அச்சடிச்சிருந்துச்சு. "சுலோசனா, உன்னைக் கவுன்சில்ல எல்லாருக்கும் தெரியும். நீ பேசினா எடுபடும்"னார்.

எழில் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவ பேசுவான்னு நினைக்கலை. நானே ஒரு தரம் வாசல்ல பார்த்துக் கேட்டேன். உனக்கு இங்க யாரு என்ன குறை வெச்சோம்னு. "அக்கா, நீங்க அன்னிக்கு வாங்க, கேளுங்க"ன்னுட்டுப் போயிட்டா.

அன்னிக்கு மண்டபத்துல நிக்க இடமில்லை. பொழுதோட ஆறு மணிக்கு ஆரம்பிச்சாங்க. எழில் எனக்கு ரெண்டு பேருக்கு முன்னாடி. பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருந்தா. கையில தாள் இல்லை.

அவ பேசினதை எனக்கு அப்படியே ஒப்பிக்கத் தெரியும். எத்தனை தரம் மனசுக்குள்ள ஓடியிருக்கும். "நான் இந்த ஊர்ல பதினோரு வருஷமா இருக்கேன். நான் செஞ்ச ஒரு பொங்கலைப் பத்திச் சொல்றேன்"னு ஆரம்பிச்சா. பொங்கல்னா என்னன்னு ரெண்டு வரியில சொன்னா. மூணு கிலோ அரிசி, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சது, மூடி திறக்காதது, எல்லாம் சொன்னா. அப்புறம் சொன்னா, "எங்கம்மா வெச்ச பொங்கலை எங்க ஊர்ல மத்தத் தெருக்காரங்க யாரும் கையில வாங்க மாட்டாங்க. அதுக்காகத்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. நான் எட்டாயிரம் மைல் தள்ளி வந்து, முழுக் குண்டாவை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். என் புள்ளைங்க ஏன்னு கேட்டுடக் கூடாதுன்னு, அவங்க வர்றதுக்குள்ள சிங்க்குக்கு அடியில மிச்சம்மீதியை அரைச்சுத் தண்ணியோட தள்ளற மெஷின்ல கரண்டி கரண்டியாப் போட்டு அரைச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

விளக்கு மஞ்சளுக்கு வந்துருச்சு.

"யார் பேரையும் நான் சொல்லப் போறதில்லை. அவங்க கெட்டவங்க இல்லை. எனக்குப் புள்ளை பிறந்தப்ப நாப்பது நாள் சோறு போட்டவங்க. அவங்களுக்கே தெரியாம அவங்க கை செய்யற வேலை இது. அதுக்குத்தான் ஒரு சட்டம் வேணும்"னு சொல்லி முடிச்சுட்டா. சிவப்பு வரவே இல்லை.

அதுதான் எனக்கு ஆத்திரம் அம்மிணி. கெட்டவன்னு சொல்லியிருந்தா நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன். நாப்பது நாள் சோத்தையும் சொல்லிட்டு, அதுக்கடுத்து இதைச் சொன்னா நான் எங்க போறது? நம்ம ஆளுங்க அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. பேரைச் சொல்லலைதான். பட்டியல் போடறது யாருன்னு ஊருக்கே தெரியுமே. சோறு மிஞ்சினா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். யாருக்காவது கொடுத்திருக்கலாம். அரிசியை மெஷின்ல போட்டு அரைக்கலாமா?

அப்புறம் என் பேரைக் கூப்பிட்டாங்க. போனேன். தாளைப் பிரிச்சு வாசிச்சேன். எங்க சமுதாயத்துல அப்படி ஒண்ணு இல்லவே இல்லை, இத்தனை வருஷத்துல நான் கண்ணால பார்த்ததில்லைன்னு வாசிச்சேன். பச்சை விளக்கு எரியுது. அந்த லொரைன் அம்மா மைக்கைப் போட்டாங்க. பேசறவங்களை அவங்க கேள்வி கேக்கறது வழக்கமில்லை. என்கிட்ட மட்டும் கேட்டாங்க.

"சுலோசனா, முன்னாடி பேசினவங்க சொன்ன அந்த விழாவுக்கு நீங்க போயிருந்தீங்களா?"

"போயிருந்தேன்."

"அந்தப் பொங்கலை நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

எனக்குச் சர்க்கரை வியாதின்னு சொன்னேன். உண்மைதான் அது, ஏழு வருஷமா மாத்திரை போடறேன். மத்த ரெண்டு குண்டாவுல ரெண்டு ரெண்டு கரண்டி வாயில போட்டேன், ஆனா அது வெல்லம் சரியா இருக்குதான்னு பார்க்கறதுக்கு. அது வேற. அதையும் விளக்கலாம்னு வாயைத் திறந்தேன். மஞ்சள் வந்துருச்சு. என்னென்னமோ ஆரம்பிச்சேன். சிவப்பு வந்துருச்சு. மைக் நின்னு போச்சு. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் கொடுத்திருந்தா எல்லாத்தையும் விளக்கியிருப்பேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு நம்பறேன்னு சொன்னவங்க, அன்னிக்கு என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. கோவமெல்லாம் இல்லை. பாவமேன்னு பார்க்கற மாதிரி.

சட்டம் நிறைவேறிருச்சு. அஞ்சுக்கு ரெண்டு.

தோ, ஆபீஸ் வந்துருச்சு. இன்னும் கதவு திறக்கலை, வெளிய நின்னா காத்து அடிக்கும். வண்டியிலயே உக்காருங்க, மிச்சத்தையும் சொல்லிடறேன்.

மறு வாரம் பழனியப்பன் அண்ணன் போன் பண்ணினார். "வர்ற பொங்கலுக்குச் சாப்பாட்டுப் பட்டியலை வேற யாராவது போடட்டும். உன் பேரு அடிபடுது, கொஞ்சம் ஒதுங்கி இரு"ன்னார். எப்படி இருக்குது பாருங்க. அந்த மூடியை நான் மட்டுமா திறக்கலை? முன்னூறு பேர் அந்த மேசையைக் கடந்து போனாங்க. அண்ணன் தண்ணி பாட்டில் எடுத்தார், பக்கத்துலதான் குண்டா இருந்துச்சு. என்னன்னு கேட்டாரா? எல்லாரும் தெரிஞ்சுதான் போனாங்க. நான் எடுத்து நீட்டியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாதா நம்ம ஆளுங்களை. அவங்க சங்கடப்படக் கூடாது, எழிலும் சங்கடப்படக் கூடாதுன்னுதான் கடைசியில வெச்சேன். ரெண்டு பக்கத்துக்கும் நல்லது நினைச்சவ மேல பழி.

வீட்டுல தர்ஷிணி பேசறதில்லை. பதினேழு வயசு. "அம்மா, திறக்காதேன்னு நீ சொன்னே, நான் கையை எடுத்துட்டேன். என்னையும் அதுல சேர்த்துட்டியே"ன்னு ஒரு நாள் சொன்னா. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை ஆனா எழில் வீட்டுக்குச் சாப்பிடப் போயிடறா. நான் தடுக்கலை. எதுக்குத் தடுக்கணும்?

போன ஞாயித்துக்கிழமை எனக்குப் பொறுக்கலை. காலையில எந்திரிச்சதுல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. இன்னிக்கு நேராப் போயிக் கேட்டுடறதுன்னு மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பிப் போனேன். நான் உனக்குச் செஞ்சதை எல்லாம் ஒரு தட்டுல வெச்சு, இதை ஒரு தட்டுல வெச்சுப் பாருடின்னு கேக்கணும். கேக்கறதுக்கு எல்லாம் வரிசையா வெச்சிருந்தேன்.

எழில்தான் கதவைத் திறந்தா. கையில ஈரம். என்னைப் பார்த்ததும் கையைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம், "உள்ளே வாங்க அக்கா"ன்னா. உக்காந்தேன். அன்பழகன் எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டுப் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போயிட்டார். மேசையில அப்பத்தான் சாப்பாடு எடுத்து வெச்சிருந்தா. மீன் குழம்பு வாசம். நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவ ஒரு தட்டை எடுத்து என் முன்னாடி வெச்சா.

"முதல்ல சாப்பிடுங்க அக்கா. அப்புறம் என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

எனக்குப் பசி கண்ணைக் கட்டுது. மீன் குழம்புன்னா எனக்கு உசுருன்னு அவளுக்கும் தெரியும். ஆனா என் வாய் சொல்லுது, "இல்ல எழில், இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன்."

நான் சொல்லணும்னு சொல்லலை அம்மிணி. அதுவா வந்துருச்சு. யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

அவ கோவிச்சுக்கலை. தட்டைத் திருப்பி எடுத்து வெச்சா. எதிர்ல உக்காந்தா. "பதினோரு வருஷம் ஆச்சுக்கா"ன்னா. "நீங்க இந்த வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் இப்பத்தான் சாப்பிட்டுட்டு வர்றீங்க. ஒரு நாள் கூடப் பசியோட வந்ததில்லை."

நான் யோசிச்சுப் பார்த்தேன். அவ புள்ளை காது குத்துக்கு வந்தது, வீடு வாங்கினப்ப பால் காய்ச்சினதுக்கு வந்தது, எனக்காக அந்தப் பேச்சை அவ எழுதி முடிச்சப்ப சரி பார்க்க வந்தது. ஏதாவது ஒரு நாள் இருக்கும்னு யோசிச்சேன். ஒரு டம்ளர் காபியாவது இருக்கும். இருந்திருக்கணும்.

கேக்கணும்னு கொண்டு போனது எதையும் கேக்கலை. வர்றேன்னுட்டு எந்திரிச்சேன். அவ வாசல் வரைக்கும் வந்தா. வீட்டுக்கு வந்து, தர்ஷிணி கண்ணுல படாம, குளிர்பெட்டியில இருந்த ரெண்டு பிரெட்டை எடுத்து நின்னுக்கிட்டே தின்னேன். சூடு கூடப் பண்ணலை. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு உள்ளே தள்ளினேன்.